படலைக் கமராவைக் கழற்றிய மத்தியானம்

என்னைக் கண்டவுடன், கமரா பூட்டப் பழகவந்த நீங்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். "அக்கா, எந்தக் கமரா தடை, எந்தக் கமரா பிரச்சினை இல்லை?" கேட்டுவிட்டுப் போனை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தயாராகிவிடுகிறீர்கள். பிள்ளைகளே, நான் சொல்லி முடித்து நீங்கள் கிளிநொச்சிச் சந்தியைத் தாண்டுவதற்குள் அது மாறிவிடும். இன்றைக்கு ஒரு நாடு ஒரு கொம்பனியின் கமராக்களை அரசுக் கட்டடங்களிலிருந்து கழற்றச் சொல்லும். நாளைக்கு இன்னொரு நாடு அந்தக் கொம்பனியையே ஊரைவிட்டுப் போகச் சொல்லும். இங்கே என்றால் இறக்குமதிக்கு அனுமதி, அதற்கு இன்னொரு அனுமதி என்று பெட்டிகள் கொழும்பிலேயே கிடந்து தூசி பிடிக்கும். நடுவில் நிற்பது நாங்கள். வாடிக்கையாளருக்குப் பல்லைக் காட்டி, "அடுத்த கிழமை வந்திடும்" என்று சொன்னதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் செய்த வேலை.

கனகராயன்குளத்தில் ஒரு கடைக்காரர் இருந்தார். தன் கடையில் இருப்பது தடைசெய்யப்பட்ட கொம்பனியின் கமரா என்று யாரோ சொல்லக் கேட்டு, கறிக்கத்தியால் அதிலிருந்த பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இப்ப சரிதானே தங்கச்சி?" கத்தி கமராவின் கண்ணாடியிலும் பட்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வெயிலில் வந்தவர்களும் மழையில் நனைந்து வந்தவர்கள் போலத்தான் தெரிந்தார்கள். சிரிக்காதீர்கள். பெயரை எடுத்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கும் பெரிய மனிதர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் கத்தி எடுப்பதில்லை, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.

சரி, தடையைப் பற்றிப் பேசத்தானே கூப்பிட்டீர்கள். என் முழங்கால்கள் இரண்டும் இனி ஏணி வேண்டாம் என்று சொல்லிவிட்டன, வாய் மட்டும் மிச்சமாக இருக்கிறது. நான் வேலையை விடுவதற்குச் சற்று முன் ஸ்கந்தபுரத்தில் ஓர் அரிசி ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் நீங்கள் போனில் படித்துக்கொள்ளலாம்.

அந்த ஆலையை நடத்துவது ஒரு மாதர் சங்கம். நெல் அவித்து, காயவைத்து, குற்றி, பொதி செய்து விற்கிறார்கள். தலைவி சரோஜா அக்கா. உரத்த குரல், இளகிய மனம். சண்டைக்கு வந்தவனுக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சண்டை பிடிப்பார். அங்கே கமரா பூட்டியது நான்தான். ஏணியில் பெண்பிள்ளை ஏறுகிறாள் என்று ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கமரா வேண்டும் என்று முதலில் கேட்டது வசந்தி. பொதி செய்யும் பகுதியில் வேலை செய்பவள். அவளுடைய தகப்பன் குடும்பம் மலையகத்திலிருந்து கலவரக் காலத்தில் வந்து இங்கே குடியேறியது. தகப்பனும் இல்லை, கூடப் பிறந்த ஆண்களும் இல்லை. கைநீட்டுகிற புருஷனை விட்டுவிட்டு மகள் அபியோடு தனியாக இருந்தாள். அவன் வவுனியாவில் வாகனம் ஓடுகிறவன். நினைத்த நேரத்துக்கு வந்து ஆலைப் படலையில், வாசற்கதவடியில் நின்று ஊரைக் கூட்டிச் சத்தம் போடுவான். படலைக்கு மேலே கமரா ஏறிய பிறகு அந்தச் சத்தம் நின்றது. அபியும் பள்ளிக்கூடம் விட்டு வந்து படலைக்குப் பக்கத்தில் இருந்த மேசையிலேயே இருந்து படிப்பாள். வசந்தி ஒவ்வொரு முறையும் அந்தக் கமராவைக் காட்டி எனக்கு நன்றி சொல்லுவாள். எனக்கும் பெருமையாக இருக்கும், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் ஒன்றை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "படலைக்கு வாறேல்லை அக்கா, ஆனா நான் தனியப் போற நாள் பாத்து வாய்க்கால் ரோட்டில மறிக்கிறான். மற்றவையோட சேந்து போனால் வாறேல்லை. என்னெண்டு அவனுக்குத் தெரியுது?" ஆலைக்குள் இருந்துதான் யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து, அவளோடு ஒன்றாக வேலை செய்த இரண்டு பெண்களோடு கதையையே நிறுத்திவிட்டாள். மூன்று பேரும் ஒரே மேசையில் பொதி கட்டுவார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டாள்.

இனித் தடை வந்த கதை. மாரி தொடங்கினால் அவித்த நெல்லைக் காயவைக்க வழியில்லை. ஒரு நாள் வெயில் தவறினால் நெல் மணக்கத் தொடங்கிவிடும், பிறகு மாட்டுக்குத்தான். அதனால் சங்கம் நெல் உலர்த்தும் இயந்திரம் ஒன்றுக்கு உதவி கேட்டுக் காலமெல்லாம் அலைந்து, கடைசியில் ஒரு வெளிநாட்டு அரசின் பணத்தில் கிடைக்கப்போகிறது என்று செய்தி வந்தது. ஆலையே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அதற்குள் திட்ட அலுவலர் வந்தார். மெலிந்த, வெட்கப்படுகிற தம்பி. வந்து மேலே பார்த்தார், கமராவின் பெயரைப் பார்த்தார், முகம் வாடிவிட்டது.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. அந்த நாட்டுக் காசு போற இடத்தில இந்தக் கொம்பனிக் கமரா இருக்கக்கூடாது. சட்டமாம். கழட்டினால்தான் ட்ரையர் வரும்."

சரோஜா அக்காவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "தம்பி, கமரா என்ன நெல்லையே திண்டது? உந்தக் கமராவால எங்கட அரிசியைப் பாத்து ஆர் என்ன செய்யப்போறான்?"

"எனக்கும் விளங்கேல்லை அக்கா. அவையள் பயப்பிடினம். படம் எங்க போகுது, ஆர் பாக்கினம் எண்டு தெரியாதாம்."

நான் அன்றைக்குச் சிரித்தேன். வன்னியில் இருக்கிற எங்களுக்கு யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி புதிதா என்ன? ஆனால் அரிசி ஆலைக்கு அது என்னத்துக்கு என்று நினைத்தேன். புதுக் கமராக்களுக்குச் சொல்லிவிட்டேன். தடையில்லாத கொம்பனி, ஆனால் பெட்டிகள் கொழும்பில் அனுமதிக்குக் காத்துக் கிடந்தன. எப்போது வரும் என்று கேட்டால், "வரும் அக்கா" என்பதற்கு மேல் பதில் இல்லை. ஆக, பழையதைக் கழற்றுவதற்கும் புதியதைப் பூட்டுவதற்கும் நடுவில் ஆலை கண்ணில்லாமல் இருக்கப்போகிறது. வசந்தி, "படலைக் கமராவை மட்டும் கடைசியாக் கழட்டுங்கோ அக்கா" என்று கேட்டுக்கொண்டாள்.

அப்படியே செய்தேன். உள்ளே இருந்தவற்றையெல்லாம் காலையில் கழற்றிவிட்டேன். மத்தியானம் படலைக்கு ஏணியைச் சாத்தினேன். அலுவலர் தம்பி படம் எடுக்க வந்து நின்றார். சரோஜா அக்கா கதிரையைப் போட்டு நிழலில் இருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது வசந்தி. பின்னால் குற்றுகிற மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

வயரைக் கழற்றி, ஆணியைத் திருகி, கமராவைக் கையில் எடுத்தேன். ஒரு நிமிடம் போயிருக்காது, சரோஜா அக்காவின் போன் அடித்தது. மெசின் இரைச்சலில் காது கேட்காது என்று அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். அன்றைக்கும் போட்டார்.

"அக்கா, என்ன படலைக் கமரா இருட்டாக் கிடக்கு? பிள்ளை பள்ளிக்கூடத்தால வாற நேரமெல்லோ. கறண்ட் இல்லையோ?"

மரியாதையான குரல். நான் அதுவரை கேட்டிராத குரல். ஆனால் என் காலுக்குக் கீழே ஏணி ஒருதரம் ஆடியது. குனிந்து பார்த்தேன். வசந்தியின் முகத்தில் இரத்தமே இல்லை.

சரோஜா அக்கா பதறிப்போய், போனை நிறுத்தத் தெரியாமல் அதைப் புரட்டினார். அந்தக் குரல் இன்னும் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அலுவலர் தம்பிதான் வாங்கி நிறுத்திக் கொடுத்தார்.

"அக்கா," என்றாள் வசந்தி, "அது அவன்ர குரல். அவனுக்கு என்னெண்டு எங்கட படலை தெரியுது?"

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. கமரா பூட்டினால் அது பொதுச் சொத்து. கனடாவில் இருக்கும் தமையன், பிரான்ஸில் இருக்கும் மச்சாள், கமராவுக்குக் காசு அனுப்பியவர், அனுப்புவதாகச் சொன்னவர், எல்லோருடைய போனிலும் அதன் படம் தெரிய ஏற்றிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மனவருத்தம். கடவுச்சொல் சங்கத்தின் பெயரும் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். தலைமைக்கு ஒரு மரியாதை, அதனால் அதைத் தலைவியின் கையில் கொடுப்போம். அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்று நம்மில் ஒருவரும் கேட்பதில்லை.

சரோஜா அக்கா கதிரையிலிருந்து எழும்பவில்லை. அந்த உரத்த குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "என்ர வீட்டு வாசலில வந்து நிண்டு அழுதான், பிள்ளை. அபியின்ர முகத்தை மட்டும் பாக்க விடுங்கோ, கிட்ட வரமாட்டன் எண்டான். கிட்ட வராமப் பாக்கிறதுதானே, அதால என்ன வரப்போகுது எண்டு நினைச்சு பாஸ்வேட்டைக் குடுத்திட்டன். பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்த மேசையிலதானே அவள் இருக்கிறவள்."

சரோஜா அக்காவின் மூத்த மகன் இறுதிப் போரில் காணாமல் போனவன். வீட்டில் அவனுடைய படம் மட்டும் இருக்கிறது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று யாராவது வந்து நின்றால் இல்லை என்று சொல்ல அந்த மனுஷியால் ஏலாது. அவன் அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த வாசலுக்குப் போனானா, உண்மையாகவே மகளுக்காக அழுதானா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். ஆனால் மகளைப் பார்த்த கமராவில்தான் வசந்தி தனியாக வெளிக்கிடுவதையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். வாய்க்கால் ரோட்டில் போனைப் பார்த்துக்கொண்டு நின்ற அவனுக்கு வேறு ஒற்றன் தேவைப்படவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஏணியில் நின்றபடியே கத்தினேன். "அக்கா, சங்கத்தின்ர கண்ணைப் பிடுங்கி ஆரிட்டைக் குடுத்தனீங்கள்? அவளிட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?" சரோஜா அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். அதைப் பார்த்த பிறகு யாரைக் கோபிப்பது சொல்லுங்கள்.

அழுகையோடு அவர்தான் முதலில் சொன்னார். "கமராவைத் திருப்பிப் பூட்டு. ட்ரையரும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். படலை இருட்டு எண்டு அவனுக்கு இப்ப தெரிஞ்சு போச்சு. இண்டைக்கே வருவான்."

அலுவலர் தம்பி போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "பூட்டுங்கோ அக்கா. நான் இண்டைக்கு வரேல்லை எண்டு வைப்பம். புதுசு வந்த உடன கழட்டுவம்." அந்தப் பிள்ளைக்கு அது வேலை போகிற விஷயம். அடுத்த கிழமை மேலிடத்து ஆட்கள் வந்து பார்க்க இருந்தார்கள். இருந்தும் சொன்னார். அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு நல்ல மனிதர் என்றுதான் வருகிறது.

நானும் பூட்டத்தான் நினைத்தேன். கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத் திருப்பிப் பூட்டினால் அவனுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை. கமரா கையில், ஆணி வாயில். கவனியுங்கள் பிள்ளைகளே, ஏணியில் நிற்கிறவருக்குக் கீழே நிற்கிற எல்லோரும் கட்டளை போடுவார்கள். பெரியவர் சொல்கிறார், பணம் கொண்டுவருகிறவர் சொல்கிறார், உங்கள் சொந்தக் கெட்டித்தனமும் சொல்கிறது. அந்த நேரத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடவுள் புத்தியைத் தந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆணியை எடுத்துவிட்டு, "வசந்தி, நீ சொல்லு" என்றேன்.

அவள் கமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாள் அதைப் பார்த்து எனக்கு நன்றி சொன்னவள்.

"கழட்டினது கழட்டினதாக் கிடக்கட்டும் அக்கா," என்றாள். "பாஸ்வேட்டை மாத்தினாலும் எனக்கு உதுக்குக் கீழ நிக்கேலாது, அவன் இருந்து பாத்த சாமான். ட்ரையர் போனால் இந்த மாரிக்கு எல்லாற்ற வயித்திலும் அடிக்கும். பிறகு இவளாலதான் எண்டு கதை வரும். அந்தப் பழியும் எனக்கு வேண்டாம்."

"அவன் வந்தால்?" என்றார் சரோஜா அக்கா.

"வரட்டும். முதல்ல நான் உள்ளுக்கை போகோணும். அந்த ரெண்டு பேரோடையும் இவ்வளவு காலமும் கதையாம இருந்திட்டன். அவையளிட்டை மன்னிப்புக் கேக்கோணும்."

உள்ளே போனாள். மெசினை நிறுத்தினார்கள். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது, பிறகு மூன்று பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தார்கள். அதில் ஒருத்தி என்னை அண்ணாந்து பார்த்து, "அக்கா, நீங்கள் இன்னும் இறங்கேல்லையோ? சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் இறங்கினேன்.

அன்று பின்னேரமே சரோஜா அக்கா வசந்தியைக் கூட்டிக்கொண்டு பொலிசில் பெண்கள் பிரிவுக்குப் போனார். நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னார், தான் கொடுத்ததையும் மறைக்கவில்லை. அது சுலபமான காரியம் இல்லை.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததை எந்தப் பயிற்சியிலும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். நெல் காயவைப்பது ஆலையின் பின் முற்றத்தில்தான் வழக்கம். மறுநாளிலிருந்து தார்ப்பாய்ப் படங்குகளையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து படலைக்கு முன்னால், ரோட்டின் இரண்டு பக்கமும் விரித்துவிட்டார்கள். நம் பக்கத்தில் நெல்லை ரோட்டில் காயப்போட்டால் யார் கேட்பார்கள்? நெல் இருந்தால் கிளறுவதற்கு ஆள் வேண்டும், மாட்டை விரட்ட ஆள் வேண்டும். ஆக விடியலிலிருந்து பொழுதுபடும் வரை படலையில் பெண்கள். வசந்தியை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதும் முறை போட்டுத்தான்.

புதுக் கமராவுக்கு வயர் அளக்கப் போயிருந்தபோது நான் அவனைக் கண்டேன். மோட்டார் சைக்கிளில் வந்தான். முதலில் மேலே பார்த்தான். கமரா இருந்த இடத்தில் வெறும் தகடு. பிறகு கீழே பார்த்தான். கிளறுகிற பலகைகளை ஊன்றிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். வசந்திக்கு முன்னால் அந்த இரண்டு பேரும். எல்லோருக்கும் முன்னால், படங்கின் ஓரத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு சரோஜா அக்கா.

"தம்பி," என்றார் சரோஜா அக்கா, "பிள்ளையைப் பாக்கிறதெண்டால் கோர்ட்டில கேள். தந்தால் பார், நான் குறுக்க நிக்கமாட்டன். இஞ்ச நெல்லு மிதிபடும். திரும்பு."

அவன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். திரும்பும்போது ஒரு கால் படங்கில் பட்டுக் கொஞ்சம் நெல் சிந்தியது. அவன் போன பிறகு ஒருத்தி, "சனியன், நெல்லைச் சிந்திப்போட்டுப் போறான்" என்று கூட்டி அள்ளினாள். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். வசந்தியும் சிரித்தாள்.

மேலிடத்து ஆட்கள் வந்து பார்த்துத் திருப்தியோடு போனார்கள். மாரி இறங்குவதற்கு முன் ட்ரையர் வந்தது. எங்கள் கமராப் பெட்டிகளும் ஒருவழியாகக் கொழும்பைவிட்டுக் கிளம்பி வந்தன. அந்த நாட்டு அரசைப் பற்றி நான் அன்றைக்குச் சிரித்தேன் என்று சொன்னேனே, பிறகு சிரிக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியை ஸ்கந்தபுரத்தில் கேட்க வேண்டியது அவர்கள் வேலை இல்லை, கமரா பூட்டுகிற எங்கள் வேலை. நாளைக்கு எல்லாத் தடையும் நீங்கினாலும், நீங்கள் டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் கேளுங்கள்: இது யாருக்காக, யார் பார்க்கப்போகிறார்கள், பார்க்கப்படுகிறவருக்கு அது தெரியுமா?

பூட்டி முடித்த அன்று வசந்தியின் போனிலேயே கமராவை ஏற்றி, அதை அவள் கையில் கொடுத்தேன். சரோஜா அக்காதான் அப்படிச் செய்யச் சொன்னார். "பாஸ்வேட்டை அவள் போடட்டும், நான் பாக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டைகள் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் திரும்பிக்கொண்டேன். வசந்தி மெதுவாக, எழுத்து எழுத்தாக அழுத்தினாள்.

"வேற ஆற்றையும் போனில ஏத்த வேணுமோ?" என்று கேட்டேன்.

அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். குற்றுகிற மெசின் ஓடாத நேரம், ட்ரையரின் சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. சரோஜா அக்கா இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா," என்று கூப்பிட்டாள் வசந்தி, "இஞ்சால வாங்கோ. உங்கட போனைத் தாங்கோ."